பக்கத்து மாடிப் புறாக்கள்

கோமளத்தின் மொட்டை மாடி முழுக்கப் புறா எச்சம். நான்கு நாளாக அவள் திட்டிக்கொண்டே கழுவினாள். காயப்போட்ட துணிகளும் பாழாயின. அவளுடைய பூனை செம்பிக்குப் பொறுக்கவில்லை. மதிலைத் தாண்டிப் பக்கத்து மாடிக்குப் போய், கூண்டின்மேல் உட்கார்ந்திருந்த மூத்த புறாவிடம் கேட்டது.

"முன்னெல்லாம் எங்க பக்கம் வரவே மாட்டீங்களே. இந்த அசிங்கத்துக்கு யார் பொறுப்பு?"

"எங்களை வளர்க்கிறவர் சவரிமுத்து. அந்த அறையிலதான் இருக்கார். அவரையே கேளு."

செம்பி மாடி அறையின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தது. சவரிமுத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கம்புக் கிண்ணம் இருந்தது. திறந்திருந்த அவர் கண்ணின்மேல் ஓர் ஈ நிதானமாக நடந்தது. அவர் இமைக்கவில்லை.

செம்பியின் முதுகு மயிர் சிலிர்த்தது. "எத்தனை நாளா இப்படி?"

"நாலு நாளா. கதவைத் தட்ட எங்களால முடியுமா? சண்டை போடவாவது உங்க வீட்டம்மா வருவாங்கன்னு பார்த்தோம்."

செம்பி திரும்பி ஓடியது. குனிந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்த கோமளத்தின் சேலையைக் கடித்து இழுத்தது. அவள் உதறிவிட்டு இன்னொரு வாளித் தண்ணீரை ஊற்றினாள்.

அவள் கழுவி முடிக்கட்டும் என்று, மதில்மேல் புறாக்கள் வரிசையாகக் காத்திருந்தன.