வழிவிட்ட கற்கள்

கால் இரண்டும் பின்னிக்கொண்டு, ஒட்டுத் துணியில்லாமல் கிடந்ததைப் பார்த்ததும் சுவக்கினுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "அந்தோனியாரே! நாளைக்கு நடுவர் மிஸ் வந்து இந்தக் கோலத்தப் பார்த்தா என் மானம் என்னாகும்?" என்று இரண்டு கையாலும் மூடினார்.

"ஒரு கரட்டுக்கு இவ்வளவு வெக்கமா?" என்றாள் மனைவி பெற்றீசியா, துவைத்த துணியைக் கொடியில் உதறியபடி.

கரட்தான். வத்தேகம ஊரில், தன் வீட்டு மொட்டை மாடியில் மீன் தொட்டி வைத்து, அந்தத் தண்ணீரைப் பம்பால் சரளைக்கல் நிரப்பிய பாத்திக்கு ஏற்றி, ஒரு பிடி மண்ணில்லாமல் சுவக்கின் வளர்த்த கரட். மீனின் கழிவு செடிக்கு உரம், செடி வடிகட்டிய தண்ணீர் திரும்ப மீனுக்கு. இதற்கு அக்வாபொனிக்ஸ் என்று பெயர் என்பதை அந்தத் தெரு நாய்க்குக்கூடச் சொல்லி வைத்திருந்தார்.

வீட்டுத்தோட்டப் போட்டியில் வெல்கிற ஒருவரைப் பயிற்சிக்காகத் தாய்லாந்துக்கு அனுப்பப் போகிறார்கள். தேர்வு நடக்கும் முன்பே, ஞாயிறு பூசை முடிந்த கையோடு கோயில் வாசலில் நின்ற அத்தனை பேரிடமும் சுவக்கின் விடைபெற்றுவிட்டார். பிளேனுக்குப் போட ஒரு கோட் வேறு தைக்கக் கொடுத்திருந்தார். "தாய்லாந்துல வேர்த்து ஊத்துமாம்" என்று பெற்றீசியா சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது பிடுங்கிப் பார்த்தால் ஒன்றுகூட உருப்படியில்லை. ஒன்று கொக்கியாக வளைந்திருந்தது, ஒன்றுக்கு மூக்கு இருந்தது. கால் பின்னிய அந்த ஆசாமியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பெற்றீசியா ஒன்றைக் கழுவிக் கடித்துப் பார்த்தாள். "ருசி நல்லாத்தானே இருக்கு?"

"ருசிய போட்டோவுல காட்ட முடியுமாடி?"

பக்கத்து மாடியிலிருந்து அபீபா எட்டிப் பார்த்தாள். அவளும் பழைய பீப்பாய் இரண்டை அறுத்து மீன் விட்டு, போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். ஆனால் அவள் கரட்டில் இலை மட்டும்தான் செழிப்பு, அடியில் எலிவால். அவளைப் போட்டி என்றே சுவக்கின் மதிக்கவில்லை.

"என்னண்ணே, எல்லாத்தையும் புடுங்கிட்டீங்க?"

"இது சும்மா, பழசு. வீசப் போறேன்."

"வீசாம எனக்குத் தாங்களே, முயலுக்குப் போடலாம். தழையப் பிச்சிராதீங்க, அதத்தான் மொதல்ல திங்கும்."

அபீபா முயல் வளர்ப்பது சுவக்கினுக்கு அன்றைக்குத்தான் தெரியும். தன் பெருமையைக் கவனிக்கவே பொழுது போதாத மனிதர் அடுத்த வீட்டு முயலை எங்கே கவனிக்கிறது! கூடையோடு மதிலுக்கு மேலால் தூக்கிக் கொடுத்துவிட்டு, விறுவிறுவென்று சந்தைக்கு நடந்தார். நுவரெலியா மலைத் தோட்டங்களிலிருந்து லொறியில் வந்து இறங்கியதில், அளவெடுத்துச் செய்ததுபோல் நேராக இருந்தவற்றைத் தழையோடு பொறுக்கி வாங்கிவந்து, ஒவ்வொன்றாகக் கல்லுக்குள் செருகினார்.

"இது பாவமில்லியா?" என்றாள் பெற்றீசியா.

"பாவசங்கீர்த்தனம் எதுக்கு இருக்கு? தாய்லாந்து போயிட்டு வந்து செஞ்சுக்கலாம்."

மறுநாள் காலை நடுவர் யசோதினி வந்தாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்த பிள்ளை, பேச்சு குறைவு. மீனைப் பார்த்தாள், பம்பைப் பார்த்தாள், ஒரு கரட்டைத் தொட்டாள். இழுக்கும் முன்பே அது கையோடு வந்துவிட்டது.

"கல்லுலயா வளந்துச்சு?"

"அந்தோனியார் சத்தியமா மிஸ், ஒரு பிடி மண்ணு கெடையாது!"

"ரொம்ப அழகா இருக்கு" என்றாள் யசோதினி. சுவக்கின் அங்கேயே மனதுக்குள் கோட்டை மாட்டிக்கொண்டார். கடைசியாக அபீபா வீடு என்றதும், வேடிக்கை பார்க்கும் ஆசையில் பின்னாலேயே போனார்.

அபீபாவின் பாத்தியில் கரட் லேசில் வரவில்லை. கல்லை விலக்கி விலக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வெளியே வந்தது ஒரு கொக்கி. சுவக்கின் வாய்விட்டுச் சிரித்தார். "அய்ய, இந்தக் கோணல் கரட்டையா மிஸ்ஸுக்குக் காட்டுறீங்க?"

யசோதினி சிரிக்கவில்லை. "இந்த மாதிரிக் கல்லுல வளந்தா கரட் இப்பிடித்தான் வரும் ஐயா. எறங்குற எடமெல்லாம் கல்லு முட்டும். வேர் வளையும், ரெண்டாப் பிரியும். உங்க வீட்டுக் கல்லு மட்டும்தான் எந்திரிச்சு வழி விட்டிருக்கு."

பிறகு அபீபாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "பாஸ்போட் இல்லாட்டி உடனே எடுங்க. தாய்லாந்துக்கு நீங்கதான் போறீங்க."

போட்டோவுக்காக யசோதினி இன்னொரு கரட்டைக் கிளறி எடுத்தாள். கால் இரண்டும் பின்னிக்கொண்டு, ஒட்டுத் துணியில்லாமல் அது சுவக்கினையே பார்த்தது. அவர் தொட்டித் தண்ணீர் குடித்து, அவர் கல்லில் முட்டி மோதி வளர்ந்த பிள்ளை! "என்னோடது" என்று கத்த வாயெடுத்தார். கத்தினால், தன் பாத்தியில் நிற்பது யாருடையது என்றும் சொல்ல வேண்டுமே.

யசோதினி படியிறங்கிப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவர், பிறகு பாய்ந்தார். "அபீபா! அத முயலுக்குன்னு சொல்லித்தானே வாங்கினீங்க?"

அபீபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"எங்கட ஊட்டுல ஏதுண்ணே முயல்?"