கொத்தமல்லிப் பூ ஆடுகிறது

“மூச்சு விடாதீங்க.”

“விடலியே.”

“அப்ப இப்போ பேசினது யாரு?”

பல் டாக்டர் வாயை மூடிக்கொண்டார்.

சாப்பாட்டு மேசைமேல் கொத்தமல்லித் தொட்டி. சமையலுக்குக் கிள்ள மறந்து, பூக்க விட்டுவிட்ட செடி. அதன் ஒரு காம்பை ஜன்னல் வெயில் படும்படி சாய்த்து, க்ளினிக்கிலிருந்து கொண்டுவந்த இடுக்கியால் அவர் பிடித்திருந்தார். எதிரே ஸ்டாண்டில் கேமரா. கேமராவுக்குப் பின்னால், கையில் ரிமோட்டோடு அவர் மனைவி.

பூ எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். மேக்ரோ லென்ஸ் வழியே அது திரை முழுக்க விரிந்து நின்றது. வெள்ளை இதழ்கள். நடுவே ஊதா முனை வைத்த மகரந்தக் காம்புகள். ஒரு மயிரிழை முன்னே பின்னே போனாலும் எல்லாம் மங்கிவிடும்.

ரிமோட்டை அழுத்தினாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

ஒவ்வொரு மகரந்தக் காம்பும் இரட்டையாக விழுந்திருந்தது.

“மறுபடியும் ஆட்டிட்டீங்க.”

“காத்தா இருக்கும்.”

“காத்தா? ஃபேனை நிறுத்தியாச்சு, ஜன்னலைச் சாத்தியாச்சு. நான் இங்க வேர்த்து ஊத்திக்கிட்டு நிக்கிறேன். உங்களுக்கு மட்டும் எங்கேருந்து காத்து வருது?”

பாடப் புத்தகத்துக்கான படம். பதிப்பகத்துக்காரர் ஏற்கெனவே ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டார், மகரந்தம் தெளிவாக இல்லை என்று. இன்று சாயங்காலத்துக்குள் போகாவிட்டால் வேறு யாருடைய படத்தையாவது போட்டு அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள். பூவும் அதுவரை தாங்காது. இப்போதே தொட்டால் உதிர்ந்துவிடுவேன் என்று நின்றது.

“மேல் வீட்டுல நடக்கிறாங்க போல. அதிருது” என்றார் அவர்.

இருக்கலாம் என்று அவளுக்கும் தோன்றியது. உடனே ஃபோனை எடுத்தாள்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. கொஞ்ச நேரம் நடக்காம உக்காந்திருக்க முடியுமா?”

மறுமுனையில் ஒரே சிரிப்பு. “நாங்க ஊர்லயே இல்லம்மா. வீடு பூட்டிக் கிடக்கு.”

மானம் கப்பலேறியது. அந்த வெட்கத்தையும் சேர்த்துக் கணவர் தலையில் இறக்கினாள்.

“உங்க பேச்சைக் கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.”

அடுத்த படமும் இரட்டை. அதற்கடுத்ததும். பக்கத்துக் காம்பில் இருந்த மொட்டு மட்டும் கண்ணாடி போலத் தெளிவாக விழுந்திருந்தது. அவர் பிடித்திருந்த பூதான் அலைந்தது. இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னாள். முழங்கையை மேசையில் ஊன்றச் சொன்னாள். அவர் சொன்னபடியெல்லாம் செய்தார். நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றபோதும் துடைத்துக்கொள்ளவில்லை.

பூ ஆடியது.

“போதும் சாமி. விடுங்க. இந்தப் பக்கம் வாங்க.”

அவர் கையில் ரிமோட்டைத் திணித்துவிட்டு, காம்பைத் தன் விரல்களால் பிடித்தாள்.

“அமுக்குங்க.”

அமுக்கினார். எட்டித் திரையைப் பார்த்தாள். மகரந்தத் தூள் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

“பாத்தீங்களா? இவ்வளவுதான் வேலை! ஒரு காம்பைப் பிடிக்கத் துப்பில்ல, ஊரார் வாய்க்குள்ள எப்படித்தான் ஊசி போடுறீங்களோ!”

சொன்ன வேகத்தில் சிரித்தும்விட்டாள். படம் கிடைத்துவிட்ட நிம்மதி.

அவர் சிரிக்கவில்லை.

“போடறதில்ல” என்றார்.

“எதை?”

“ஊசியை. இப்பல்லாம் அந்தச் சின்ன டாக்டரம்மாதான் எல்லாத்தையும் பாக்குது. நான் வெளியில உக்காந்து பேர் கூப்பிடறேன்.”

அவள் அவர் கையைப் பார்த்தாள். இடுக்கி இன்னும் விரல்களுக்கிடையில்தான் இருந்தது. வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. தினமும் அவளுக்குக் காப்பி நீட்டுகிற கை.

காம்பைப் பிடிக்க அவரை அவள் கூப்பிடவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காலையில் க்ளிப்பைத் தேடி இழுப்பறையைக் குடைந்துகொண்டிருந்தவளிடம், நான் பிடிக்கிறேன் என்று அவராகவே வந்து நின்றார். க்ளினிக்குக்கு நேரமாகவில்லையா என்று அவளும் கேட்கவில்லை. ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

“சொல்லிப் பாத்தேன். வாய் வரல. உன் படத்துல தெரிஞ்சா நீயே கேப்பேன்னு நெனச்சேன்.”

“அதுக்காகவா இவ்வளவு நேரம் என்கிட்ட திட்டு வாங்கிட்டு நின்னீங்க?”

“திட்டு நல்லாத்தான் இருந்துச்சு” என்றார். “அங்க எல்லாரும் பாக்காத மாதிரியே இருக்காங்க.”

அவள் தொட்டியைத் தன் பக்கம் இழுத்துத் திருப்பினாள். திருப்பி வைக்க அதில் ஒன்றும் இல்லை. வேண்டிய படம் கிடைத்தாகிவிட்டது. இருந்தாலும் திருப்பினாள்.

“ஜன்னல் முன்னாடி நிக்காதீங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க” என்றாள்.

குரலில் எரிச்சல் துளியும் குறைந்துவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து.