சக்கரத்தடி எலுமிச்சம்பழம்

ஷெட்டில் நின்ற பழைய காருக்கு வருஷா வருஷம் விலை ஏறியது. ஓட்டினால் விலை குறையும் என்று அதன் சொந்தக்காரர் தணிகாசலம் வாரம் ஒருமுறை இன்ஜினை உறுமவிட்டு அணைத்துவிடுவார்.

ஆயுதபூஜை அன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். காரை மட்டும் நகர்த்தவில்லை.

"போன வருஷத்துப் பழம் என்ன ஆச்சு?" என்று பழம் காரைக் கேட்டது.

"இங்கேயே கிடந்து காய்ந்தது."

"நான் காய மாட்டேன். ஏறு."

"கீறல் விழுந்தால் என் விலை போய்விடும்."

"போகட்டும். நீ காரா, பீரோவா?"

காருக்குச் சுருக்கென்றது.

மாலையில் தணிகாசலம் வழக்கம்போல் இன்ஜினை ஓடவிட்டு, அணைக்கச் சாவியைத் திருப்பினார். கார் அணையவில்லை. பழத்தை நசுக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டியது.

தெருமுனை வரை அவர் கால் பிரேக்கைத் தேடியது. கடற்கரைச் சாலை வந்ததும் தானாக ஆக்சிலேட்டருக்குப் போனது.