பாலம் கட்டிய தாள்கள்

மறுநாள் பாலத் திறப்பு விழா. பொறியாளர் கண்ணாடி முன் நின்று பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி ஒரு கடிதத்தோடு வந்தாள்.

"ஏங்க, பாலத்துக்குன்னு கணக்குப் போட்டுப் போட்டுக் குவிச்சீங்களே, அந்தத் தாளெல்லாம் எங்கே?"

அவருக்கு உச்சி குளிர்ந்தது. இப்போதாவது கேட்டாளே!

"ஏன், சட்டம் போட்டு மாட்டப் போறியா? பாலமே எழும்பி நிக்குது, இனிமே அது எதுக்கு? போன வாரம் ஆபீஸ் மிஷின்ல போட்டுத் தூளாக்கியாச்சு."

"ஒண்ணுகூட மிச்சமில்லையா?"

"ஒண்ணுகூட இல்லை."

கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். அவர் எடுத்துப் படித்தார். ஒரு பதிப்பகம் அவள் பெயருக்கு எழுதியிருந்தது.

'தாமதத்துக்கு மன்னிக்கவும். நான்கு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் அனுப்பிய நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களை இப்போதுதான் படித்தோம். அருமை. மீதியை உடனே அனுப்புங்கள்.'

அவருக்குச் சுருக்கென்றது. வீட்டில் தாள் தீர்ந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். "ஒரு பக்கம் எழுதினதுதான், யாருக்கும் வேண்டாதது. பின்பக்கம் கணக்குப் போட்டுக்குங்க."

சமையலறை வாசலில் போய் நின்றார். "அது... என்ன கதை?"

அவள் திரும்பவில்லை.

"மூணு வருஷமா உங்க கையிலதானே இருந்துச்சு."