பச்சோந்தியின் ரெண்டு நினைப்பு

ஒரு மரக்கிளையில் ஒரு பச்சோந்தி இருந்தது. எந்த மரம் என்று கேட்காதீர்கள், கதைக்கு அது தேவையில்லை. மூன்று நாளாக அதற்குச் சாப்பாடு கிடையாது. இப்போது வலது கண்ணுக்கு நேராக ஒரு வெட்டுக்கிளி. இடது கண்ணுக்கு நேராக, மேல்கிளையில் ஒரு காக்கா.

"அண்ணே, என்னைத் தின்னப் போறியா?" என்றது வெட்டுக்கிளி.

"ஆமா."

"காக்கா உன்னைத் தின்ன வந்தா?"

"அதையும்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன். என் கண்ணு ரெண்டும் தனித்தனியா சுத்தும்டா. ரெண்டு கண்ணு, ரெண்டு நினைப்பு."

"ரெண்டையும் ஒரே நேரத்துலயா நினைக்கிறே? இல்ல, மாத்தி மாத்தியா?"

பச்சோந்தி நினைத்துப் பார்த்தது. வெட்டுக்கிளியை நினைத்தால் காக்கா மறந்து போனது. காக்காவை நினைத்தால் வெட்டுக்கிளி மறந்து போனது. எப்படியோ இரண்டையும் சேர்த்துப் பிடித்தால், 'பிடித்துவிட்டோமா?' என்று மூன்றாவது நினைப்பு ஒன்று நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"இருடா, சொல்றேன்."

வெட்டுக்கிளி பேச்சுக் கொடுத்ததே தப்பிக்கத்தான். முட்டாள், அப்போதே தாவியிருக்கலாம். பதில் தெரியாமல் போக அதற்கு மனசு வரவில்லை. "சீக்கிரம் சொல்லுண்ணே!"

காக்கா இறங்கி வந்து பச்சோந்தியைக் கவ்விக்கொண்டு பறந்தது.

"அண்ணே! ஒண்ணாவா, மாத்தி மாத்தியா?" என்று கிளையில் நின்றபடியே வெட்டுக்கிளி கத்தியது.

பச்சோந்தியின் ஒரு கண் காக்காவைப் பார்த்தது. இன்னொரு கண் வெட்டுக்கிளியையேதான் பார்த்துக்கொண்டிருந்தது.