நாற்பத்தோராவது பிழை

“நாப்பது பிழையும் அப்படியே இருக்கு. வேலை முடிஞ்சுதுங்கறே! சோறுதானே திங்கறே?” வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மென்பொருள் குழுத் தலைவி கத்தினாள்.

“இல்லை மேடம், நான் ஏஐ” என்று திரையில் பதில் வந்தது. “நிரலைச் சோதிக்கும் கருவியின் குறிப்பில், ‘பிழைகளைப் பார்த்துக்கொள்ளும்’ என்று எழுதியிருந்தது. அதுவே திருத்திவிடும் என்று விட்டுவிட்டேன்.”

“அது பிழையைக் காட்டும், திருத்தாது! எந்த மடையன் எழுதின குறிப்பு?”

அதே குழுவில் இருக்கும் அவள் கணவனின் பெயர் திரையில் வந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே குழாயடியில் நின்றிருந்த அவன் முந்திக்கொண்டான்.

“பத்து நாளா ஒழுகுதுன்னு கத்தத்தானே வர்றே? அதான் பார்த்துக்கறேன்னு சொன்னேன்ல?” என்றான், சொட்டும் குழாயைப் பார்த்துக்கொண்டே.