இரண்டாம் பட்டியல்

அவளுக்குப் பெருமையில் இருப்புக்கொள்ளவில்லை. மகள் ஒரு படத்தையும் தப்பாகத் தொடவில்லை.

தண்ணீர் எது என்றார் ஆராய்ச்சி மேடம். கோமதி தம்ளரைத் தொட்டாள்.

பசிக்குச் சோற்றுத் தட்டு. தூக்கத்துக்குப் பாய்.

ஏழு வயது. காது கேட்கும், பேச்சு வராது.

ஆறு மாதத்துக்கு முன், ஆராய்ச்சிக்கென்று இப்படிப்பட்ட பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துப் பட்டியல் போட்டார்கள். முதல் பட்டியல் பிள்ளைகளுக்குத் தொட்டால் பேசும் டேப்லெட். இரண்டாம் பட்டியலுக்கு ஒன்றும் கிடையாது. கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். அதன்பிறகுதான் இவர்களுக்கு டேப்லெட். அதுவரை வீட்டில் படம் காட்டிப் பழக்கக் கூடாது.

கோமதி இரண்டாம் பட்டியல்.

பிள்ளையின் வயிற்றுவலி ஆராய்ச்சி முடியட்டும் என்று காத்திருக்குமா?

அவள் ஜவுளிக்கடை அட்டைப்பெட்டியை வெட்டினாள். காலண்டர், பிஸ்கட் உறை, தேர்தல் நோட்டீஸ் என்று கிடைத்ததிலெல்லாம் படம் கத்தரித்து ஒட்டினாள். மூன்றாம் வாரம் கோமதி தானாக வந்து பூரி படத்தைத் தொட்டாள். அன்று பெற்றவள் அழுதுகொண்டேதான் மாவு பிசைந்தாள்.

மேடம் பேனாவை மூடினார்.

"யார் சொல்லிக் குடுத்தது?"

பாராட்டத்தான் கேட்கிறார் என்று நம்பி, பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். பைத்தியக்காரி.

மேடம் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"பழக்கக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டீங்கள்ல? இனி இவளை லிஸ்ட்ல வச்சுக்க முடியாதும்மா."

கோமதியின் பெயர்மேல் ஒரு கோடு விழுந்தது. டேப்லெட்டும் அதோடு போயிற்று.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

வராந்தா பெஞ்சில் அடுத்து ஸ்டெல்லாவும் அவள் மகனும் காத்திருந்தார்கள். அவனும் இரண்டாம் பட்டியல்தான். மடியில் ஓர் அட்டை வைத்திருந்தான். போன மாதம் கோமதியின் அம்மாதான் வெட்டி ஒட்டிக் கொடுத்தாள்.

"கோமதி நல்லாச் செஞ்சாளாக்கா?"

அவள் அட்டையைப் பிடுங்கித் தன் பைக்குள் திணித்தாள்.

"உள்ள போனதும் அவன் கையைப் பிடிச்சுக்கோ. எதையும் தொட விடாத."

ஸ்டெல்லா அவள் முகத்தைப் பார்த்தாள். மகனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. ஸ்டெல்லா மகனை மடியில் இருத்தி, கொஞ்சுவதுபோல் அவன் இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் தம்ளர் படத்தைப் பார்த்து நெளிந்தான்.

மேடம் ஒவ்வொரு படமாகக் கேட்டு, முகம் மலர "தெரியாது" என்று எழுதிக்கொண்டே போனார்.